ரொட்டிக் கல்லும் அம்மாவின் விரலும்: தெறிவினை பற்றி ஒரு விரிவான பதில்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு தங்கச்சி இப்படிக் கேட்டிருக்கிறார்: "சூடான பொருளில் கை பட்டால் மூளைக்குத் தெரியாமலே கை தானாக இழுபடும், அதுதான் தெறிவினை என்று படித்தோம். ஆனால் என் அம்மா விடிய எழுந்து ரொட்டி சுடும்போது, கல்லில் கிடக்கும் ரொட்டியை வெறும் விரலால் புரட்டிப் போடுகிறார். அவருடைய கை இழுபடுவதில்லை. நான் தொட்டால் கை பறக்கிறது. அம்மாவுக்குத் தெறிவினை இல்லையா?"

இருக்கிறது, தங்கச்சி. உங்களுக்கு இருப்பதுபோலவே இருக்கிறது. ஆனாலும் அவருடைய விரல் ஏன் பின்வாங்கவில்லை என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. நான் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பது என் அன்றாட வேலை. லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) பிறந்து, அப்பாயி சுட்ட ரொட்டியைத் தின்று வளர்ந்தவன். அப்பாயியின் விரலையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. நாம் பாடமாக்கும் வரைவிலக்கணத்தில் எந்த இடம் பலவீனமாக இருக்கிறதோ, சரியாக அந்த இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

முதலில் உங்கள் கையைப் பார்ப்போம், பறந்த கையை.

விரல் நுனித் தோலுக்குள் நரம்புகளின் மிக நுண்ணிய நுனிகள் பரவிக் கிடக்கின்றன. அவற்றில் சில வெப்பத்துக்கென்றே இருப்பவை. தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 43 பாகை செல்சியஸைத் தாண்டும்போது, அந்த நுனிகளின் மென்சவ்வில் உள்ள ஒருவகைப் புரதக் கதவுகள் திறக்கின்றன. மின்னேற்றம் பெற்ற அயன்கள் உள்ளே பாய்கின்றன. அங்கேதான் கணத்தாக்கம், அதாவது நரம்பில் ஓடும் மின்சேதி, பிறக்கிறது. இந்தக் கதவைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், தொடுகைக்கான வாங்கிகளைக் கண்டுபிடித்த ஆர்டம் பட்டபூட்டியனுடன் 2021ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் அதைத் தேடிப் போன வழி நம் சமையலறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கொச்சிக்காயின் உறைப்புக்குக் காரணமான பொருள் நரம்பில் எந்தக் கதவைத் திறக்கிறது என்று தேடினார். கிடைத்தது வெப்பத்துக்குத் திறக்கும் அதே கதவு. சம்பல் இடித்த கையால் கண்ணைக் கசக்கிவிட்டு "எரிகிறது, எரிகிறது" என்று குதிக்கும்போது நாம் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நரம்பு உண்மையிலேயே "சூடு" என்றுதான் சேதி அனுப்புகிறது.

அந்தச் சேதியை எடுத்துச் செல்வது புலன் நியூரோன், அதாவது உணர்வைக் கொண்டுபோகும் நரம்புக் கலம். அதன் கலவுடல் விரலிலும் இல்லை, முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு வடமான முண்ணாணுக்குள்ளும் இல்லை. முள்ளந்தண்டை ஒட்டி ஒவ்வொரு பக்கமும் வரிசையாக இருக்கும் சிறு திரட்டுகளில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு கிளை விரல் நுனிவரை வருகிறது, மறு கிளை முண்ணாணுக்குள் நுழைகிறது. ஒரே ஒரு கலம், உங்கள் கையின் முழு நீளத்துக்கும். (முண்ணாண் என்று நாம் படிப்பதை இந்தியப் பாடநூல்கள் தண்டுவடம் என்கின்றன, தெறிவினையை அனிச்சைச் செயல் என்கின்றன. இணையத்தில் தேடும்போது அந்தச் சொற்களையும் போட்டுப் பாருங்கள்.) முண்ணாண் ஏறத்தாழ ஒரு விரல் பருமன் உள்ளது. அதிலிருந்து 31 சோடி நரம்புகள் புறப்படுகின்றன. புலன் நார்கள் முதுகுப்புற வேரால் உள்ளே போகும், இயக்க நார்கள் வயிற்றுப்புற வேரால் வெளியே வரும். பிரெஞ்சு அறிஞர் மஜாண்டி 1822இல் பரிசோதனை மூலம் காட்டிய ஒழுங்கு இது. ஒரு வாசலால் போய் மறு வாசலால் வருவதுபோல, இரண்டும் கலப்பதில்லை.

உள்ளே போன சேதி இடை நியூரோன்களைச் சந்திக்கிறது. அவை இயக்க நியூரோன்களைத் தூண்டுகின்றன. அவை கையை மடக்கும் தசையைச் சுருங்கச் செய்கின்றன. கை பறக்கிறது. வாங்கி, புலன் நியூரோன், இடை நியூரோன், இயக்க நியூரோன், விளைவுகாட்டி என்று நீங்கள் பாடமாக்கிய ஐந்தும் இவைதான்.

பாடநூல் படம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. கையை மடக்க மேற்கையின் முன்பக்கத் தசை சுருங்க வேண்டும் என்பது சரி. அதே நேரத்தில் பின்பக்கத்தில் கையை நீட்டும் தசையும் இறுகிக்கொண்டால் கை அசையுமா? கயிறிழுப்பில் இரண்டு பக்கமும் சம பலத்தோடு இழுப்பதுபோல ஆகிவிடும். ஆகவே முண்ணாண் ஒரு தசைக்கு "சுருங்கு" என்று சொல்லும் அதே கணத்தில், தடுக்கும் வகை இடை நியூரோன் ஒன்றைக் கொண்டு எதிர்த்தசையை அடக்குகிறது. இதை நுட்பமாக ஆராய்ந்தவர் சார்ள்ஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய உடற்றொழிலியலாளர். நியூரோனும் நியூரோனும் சந்திக்கும் இடத்துக்கு சினாப்ஸ் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்ததும் அவர் வழியாகத்தான். 1932இல் எட்கார் ஏட்ரியனுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

இனிக் காலுக்கு வாருங்கள். கவ்வாத்து வெட்டிய மலையில் நடந்திருப்பீர்கள். வெட்டிய கிளைகளின் கூரான துண்டுகள் எங்கும் சிதறிக் கிடக்கும். முதுகில் கூடையோடு சரிவில் இறங்கும் ஒருவரின் வலது பாதத்தில் அப்படி ஒரு துண்டு குத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது கால் உடனே மடங்கி மேலே எழும்புகிறது. கையில் நடந்த அதே வேலைதான். ஆனால் கையைத் தூக்கினால் யாரும் விழப்போவதில்லை. சரிவில் ஒரு காலைத் தூக்கினால் உடம்பின் பாரமும் கூடையின் பாரமும் மற்றக் காலில்தான் இறங்க வேண்டும். அந்தக் கால் அப்போது ஓர் அடி வைப்பதற்காகத் தளர்ந்திருந்தால் ஆள் உருண்டுவிடுவார்.

அவர் பெரும்பாலும் உருளுவதில்லை. வலது பாதத்திலிருந்து போன சேதி முண்ணாணின் வலது பாதியோடு நிற்காமல், நடுக்கோட்டைக் கடந்து இடது பாதிக்கும் போகிறது. அங்கே எல்லாம் தலைகீழாக நடக்கிறது. இடது காலை நீட்டும் தசைகள் தூண்டப்படுகின்றன, மடக்கும் தசைகள் அடக்கப்படுகின்றன. வலது கால் எழும்பும் அதே நேரத்தில் இடது கால் தூண்போல விறைத்து நின்று பாரத்தை வாங்கிக்கொள்கிறது. குறுக்கு நீட்டல் தெறிவினை என்று இதைச் சொல்லலாம். நான்கு தசைக் கூட்டங்களுக்கு நான்கு வெவ்வேறு கட்டளைகள், இரண்டு கால்களுக்கும் சரியான கணக்கில். "அம்மா!" என்று வாய் திறப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். நம் பெண்கள் எத்தனை தலைமுறையாக அந்தச் சரிவுகளில் ஏறி இறங்கியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது, இந்தச் சிறு நரம்புச் சுற்றின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

வேகத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லா நரம்பு நார்களும் ஒரே வேகத்தில் சேதி கொண்டுபோவதில்லை. சுரீரென்ற குத்தலைக் கொண்டுபோகும், மெல்லிய மயலின் கவசம் (நாரைச் சுற்றிய கொழுப்பு உறை) உள்ள நார்களில் சேதி செக்கனுக்கு 5 முதல் 30 மீற்றர் வரை ஓடுகிறது. கவசமே இல்லாத நார்கள் செக்கனுக்கு அரை மீற்றரிலிருந்து 2 மீற்றர்வரை நகர்ந்தால் பெரிது. பாதத்திலிருந்து முண்ணாணுக்கு ஒரு மீற்றர் தூரம் என்று வைத்தால், முதல் வகைச் சேதி ஐந்தில் ஒரு செக்கன் அளவில் அல்லது அதற்கும் முன்னதாகப் போய்ச் சேரும். இரண்டாவது வகைக்கு அரை செக்கனாவது வேண்டும். இருட்டில் கட்டில் காலில் பெருவிரலை இடித்துக்கொண்டவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். முதலில் ஒரு சுரீர், அதன் பிறகு ஒரு சின்ன இடைவெளி, பிறகுதான் அந்தக் காந்தலும் வலியும். காலை இழுக்க வைப்பது முதலில் வந்த சேதி. பின்னால் வரும் காந்தல், அடிபட்ட இடத்தைக் கொஞ்ச நேரம் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறது.

நான் சுத்தியலால் தட்டும் முழங்கால் உதறல் இவை எல்லாவற்றையும் விட எளிமையானது. 1875இல் ஏர்ப், வெஸ்ட்பால் என்ற இரண்டு ஜெர்மானிய மருத்துவர்கள் தனித்தனியாக இதை விவரித்தார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாணில் தட்டும்போது தொடையின் முன்தசை ஒரு நூலளவு நீட்சி அடைகிறது. தசைக்குள்ளேயே இருக்கும் கதிர் வடிவ வாங்கிகள் அதை உணர்ந்து சேதி அனுப்புகின்றன. அந்தப் புலன் நியூரோன் முண்ணாணில் இயக்க நியூரோனோடு நேரடியாகவே பேசிவிடுகிறது, அந்த வழியில் இடையில் யாரும் இல்லை. தொடைத் தசையில் பதில் தொடங்க 20 மில்லி செக்கன் அளவே போதும். காற்றில் காலை உதறுவதால் யாருக்கு என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். இந்தச் சுற்று சுத்தியலுக்காக உண்டானதல்ல. மலைப் பாதையில் இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கப் பார்க்கும். தொடைத் தசை இழுபடும். இழுபட்ட தசையே உடனே இறுகி முழங்காலைத் தாங்கும். நிற்கும்போதும் நடக்கும்போதும் நாம் அறியாமல் ஓயாது நடக்கும் திருத்தத்தில் இதற்கும் பங்கு இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்வியின் மையம்: "மூளைக்குத் தெரியாமல்."

இந்தச் சொற்றொடரை மாற்றிவிடுங்கள் என்று என்னிடம் வரும் மாணவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். "மூளையின் கட்டளைக்குக் காத்திராமல்" என்று எழுதுங்கள். அது சரி. மூளைக்குத் தெரியாமல் என்பது சரியல்ல. கை இழுபடும்போதே முண்ணாண் வழியாக மூளைக்கும் சேதி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அது உணர்வாக, சூடாக, வலியாக நமக்குப் புலப்படக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான். அதோடு, மூளை பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பதில்லை. மேலிருந்து முண்ணாணுக்கு இறங்கும் நரம்புப் பாதைகள் வழியாக, எந்தத் தெறிவினையை எவ்வளவு விட வேண்டும், எதைப் பிடிக்க வேண்டும் என்று எந்நேரமும் கடிவாளத்தைக் கையில் வைத்திருக்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒருவரை உயரமான மேசையில் கால் தொங்க உட்காரவைத்து முழங்காலில் தட்டுங்கள். பிறகு இரண்டு கைவிரல்களையும் கொக்கிபோலக் கோத்து இழுக்கச் சொல்லி, இழுக்கும்போதே தட்டுங்கள். பெரும்பாலானோருக்கு உதறல் கூடும். ஜென்ட்ராசிக் என்ற ஹங்கேரிய மருத்துவர் கண்ட முறை இது. நான் தினமும் பயன்படுத்துகிறேன். கையில் செய்த முயற்சி காலின் தெறிவினையை மாற்றுகிறது என்றால், முண்ணாணின் அந்தத் துண்டு தனித்தீவு அல்ல என்றுதானே அர்த்தம்?

கடிவாளம் அறுந்தால் என்ன ஆகும் என்பதை நான் வேலையில் பார்க்கிறேன். விறகுக்குக் கிளை வெட்ட மரத்தில் ஏறி விழுந்து முள்ளந்தண்டு நொறுங்கியவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அப்படி ஒருவர். நெஞ்சுக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. முதல் சில கிழமைகள் கால்கள் துணிபோலக் கிடந்தன, சுத்தியலுக்குக்கூட அசையவில்லை. ஒருநாள் பாதத்தைத் துடைக்கும்போது கால் சடாரென்று மடங்கி எழும்பியது. பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி, "ஐயா, கால் எழும்புகிறது!" என்று கும்பிட்டுக்கொண்டு அழுதார். நான் அவரை உட்காரவைத்தேன். கணவரின் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மறுபடி பாதத்தைத் தொட்டேன். கால் மடங்கியது. "அண்ணன், இப்போது தொட்டேனா?" என்று கேட்டேன். "இல்லையே தம்பி" என்றார்.

காயத்துக்குக் கீழே முண்ணாண் உயிரோடு இருந்தது. பாதத்துச் சேதியைக் கேட்டது, காலை மடக்கியது, தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. மேலே சொல்ல வழியில்லை, மேலிருந்து அடக்கவும் ஆளில்லை. அந்த மனைவிக்கு இதை விளக்கியது என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. மூளை இல்லாமல் தெறிவினை நடக்கும் என்பது அந்தக் கட்டிலில் முழு உண்மை. உங்களிலும் என்னிலும் அது பாதி உண்மைதான்.

பாரிசவாதம் (பக்கவாதம்) வந்தவர்களிலும் இதன் ஒரு வடிவத்தைக் காணலாம். மூளையில் சேதம் ஏற்பட்டுச் சில நாட்களோ கிழமைகளோ கழிய, பாதிக்கப்பட்ட பக்கத்து முழங்கால் உதறல் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடும். உள்ளங்காலைக் கீறினால், கீழே மடங்க வேண்டிய பெருவிரல் மேலே விரியும். 1896இல் பபின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைச் சொன்னார். கைக்குழந்தைகளின் பெருவிரலும் இப்படி மேலேதான் விரியும், அது நோயல்ல. மூளையிலிருந்து இறங்கும் பாதைகளுக்கு மயலின் கவசம் இன்னும் முழுமையாகப் போர்த்தப்படவில்லை. குழந்தை நடை பழகி வளர வளர, அது தானாக மாறிவிடும்.

முண்ணாணைத் தொடாமல், மூளைத்தண்டுக்குள்ளேயே நடக்கும் தெறிவினைகளும் உண்டு. கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் போகும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பாருங்கள். இருட்டில் கண்மணி அகன்றிருக்கும். வெளிச்சத்துக்கு வந்ததும் ஒரு செக்கனுக்குள் சுருங்கிவிடும். விழித்திரையிலிருந்து நடுமூளைக்குச் சேதி போய், அங்கிருந்து மூன்றாம் மண்டையோட்டு நரம்பு வழியாகக் கதிராளித் தசைக்குத் திரும்புகிறது. ஒரு கண்ணில் மட்டும் டோர்ச் அடித்தாலும் இரண்டு கண்மணிகளும் சுருங்கும். தலையில் அடிபட்டு வருபவரின் கண்ணில் டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது இந்தப் பாதையைச் சோதிக்கத்தான். தொழிற்சாலையில் தேயிலைத் தூசுக்கு வரும் தும்மலும், கண்ணருகே பூச்சி பறந்தால் இமை மூடுவதும் மூளை சம்பந்தப்பட்டவையே. "தெறிவினை என்றால் முண்ணாண்" என்று மட்டும் மனதில் பதித்துவிடாதீர்கள்.

சரி, அம்மாவின் விரல்.

நாளைக் காலை அடுப்படியில் உற்றுப் பாருங்கள். அவர் கல்லைத் தொடுவதில்லை. ரொட்டியின் ஓரத்தைத்தான் தொடுகிறார். மாவும் அதற்குள் உள்ள காற்றும் இரும்பைப்போல வேகமாக வெப்பத்தைக் கடத்துவதில்லை. விரல் அதில் இருக்கும் நேரமும் கண் இமைக்கும் நேரத்தை ஒட்டியதே. அடுத்தது, அந்த விரல்கள். பல வருடங்களாகக் கொழுந்து கிள்ளிக் கறையேறித் தடித்த தோல். வெப்பத்தை உணரும் நரம்பு நுனிகள் அந்தத் தடிப்புக்கு அடியில் இருக்கின்றன. அங்கே வெப்பநிலை 43 பாகையை எட்டுவதற்குள் அவர் ரொட்டியைப் புரட்டிவிடுகிறார். உங்கள் மெல்லிய தோலில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

இவ்வளவுக்கும் மேலே மூளை இருக்கிறது. சுடும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். எவ்வளவு சுடும், எவ்வளவு நேரம் தாங்கலாம் என்று பல ஆயிரம் ரொட்டிகள் கற்றுக்கொடுத்திருக்கின்றன. எதிர்பார்த்த சூட்டுக்கு, கையை மடக்கும் சுற்றை மேலிருந்து கொஞ்சம் அடக்கிவைக்க முடியும். நீங்களும் இதைச் செய்கிறீர்கள். விருந்தாளிக்குக் கொண்டுபோகும் சாயத்தண்ணிக் கோப்பை எதிர்பார்த்ததைவிடச் சுட்டால், பல்லைக் கடித்துக்கொண்டு மேசைவரை போய் வைத்துவிட்டுத்தான் விரலை ஊதுகிறீர்கள். அதே சூடு எதிர்பாராத இடத்தில் பட்டிருந்தால் கை பறந்திருக்கும். அந்தப் பத்து அடிக்கும் உங்கள் தெறிவினையைப் பிடித்து வைத்திருந்தது உங்கள் மூளைதான். ஆனால் கொதிக்கும் எண்ணெய் தெறித்தால் அம்மாவின் கையும் பறக்கும். சேதி மிகப் பலமாக வந்தால் கடிவாளம் நிற்காது; நிற்கவும் கூடாது.

இன்னொரு விடயத்தைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. தெறிவினை தொடங்க வேண்டுமானால் வாங்கி சேதி அனுப்ப வேண்டும். அட்டை காலில் ஏறிக் கடிக்கும்போது கால் இழுபடுவதில்லை, சப்பாத்தைக் கழற்றி இரத்தத்தைப் பார்த்தபின்தான் தெரிகிறது. அதன் கடி பெரும்பாலும் வலியாகவே உணரப்படுவதில்லை. அட்டையால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் நீண்ட கால நீரிழிவில், சீனி வியாதி என்று நாம் சொல்வதில், புலன் நரம்புகள் நுனியிலிருந்து மெல்ல மெல்லச் செத்துப்போகின்றன. மிக நீளமான நார்கள் முதலில் பாதிக்கப்படுவதால் பாதத்தில் தொடங்கும், கைக்குப் பிறகு வரும். அப்போது கால் இழுபடாது. ஆணி ஏறினாலும் தெரியாது, கணப்புக்கு அருகில் நீட்டிய கால் கொப்பளித்தாலும் தெரியாது. புண் ஆழமாகி விரலை வெட்டும் நிலையில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். "வலிக்கவே இல்லையே, அதனால்தான் வரவில்லை" என்பார்கள். தொழுநோயும் இதேபோல உணர்வைக் கொன்றுவிடும்.

ஆகவே நாளைக் காலை அம்மா ரொட்டி புரட்டும்போது ஒன்று கேளுங்கள்: "சுடவில்லையா அம்மா?" "சுடத்தான் செய்யும், பழகிவிட்டது" என்று சொன்னால் நிம்மதியாக ரொட்டியைச் சாப்பிடுங்கள். "விரலில் ஒன்றுமே தெரிவதில்லை", "காலும் கொஞ்ச நாளாக மரத்துக் கிடக்கிறது" என்று சொன்னால், அந்தக் கிழமையே கிளினிக்குக்குக் கூட்டிப்போய் இரத்தத்தில் சீனியைப் பார்க்கச் சொல்லுங்கள். கால்களையும் காட்டச் சொல்லுங்கள், விரல் இடுக்குகளையும் சேர்த்து.